வரலாற்றுப் பெரும்படங்களின் மறுவெளியீட்டு இசைத்தட்டுகள்: எந்தப் பதிப்பை வாங்குவது?

கோத்தகிரி அன்பர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பழைய வரலாற்றுப் பெரும்படங்களின் இசைத்தட்டுகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்த என் தந்தை வாங்கி வைத்திருந்த எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டுகளால் வந்த பற்று இது. இப்போது 'பென்-ஹர்', 'எல் சிட்', 'ஸ்பார்ட்டகஸ்' போன்ற படங்களின் இசை ஒவ்வொன்றும் நாலைந்து பதிப்புகளாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றின் அட்டையில் 'ஒரிஜினல்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் 'பென்-ஹர்' படத்தில் தேர்ப்பந்தயத்துக்கு முன்பு வரும் அணிவகுப்பு இசையைப் படத்தில் கேட்கும்போதும் தந்தையின் எல்.பி.யில் கேட்கும்போதும், வாசிப்பின் நடையே வேறாகப் படுகிறது. எது உண்மையான மூலம் என்று எப்படி அறிவது? நம் தமிழ்ப் படங்களிலும் இதே போன்ற சேகரிப்புக்கு இடம் உண்டா? மேலும், ஐப்பசி மழையில் இங்கே அட்டைகளில் பூசணம் பூத்துவிடுகிறது. மலையில் இருப்பவர்கள் தட்டுகளை எப்படிக் காக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் ஒலிநாடா:

உங்கள் காது சரியாகவே சொல்கிறது. 1959-இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'பென்-ஹர்' எல்.பி.யில் இருப்பது படத்துக்காகப் பதிவு செய்த வாசிப்பே அன்று. படத்துக்கு இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஜா தாமே எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் வாத்தியக் குழுவை நடத்தினார். தட்டுக்காக, கார்லோ சவீனா என்பவர் நடத்த, ரோம் நகரத்து சிம்பொனிக் குழு ஒன்று அதே இசையைத் தனியாக வாசித்தது. படத்துக்கு வாசித்ததை அப்படியே தட்டில் போட்டால் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கத்தின் விதிப்படி அவர்களுக்கு மறுபடியும் ஊதியம் தர வேண்டும் என்பதால், ஐரோப்பாவில் புதிதாக வாசிக்க வைப்பது அன்றைய கம்பெனிகளுக்குச் சிக்கனமாக இருந்தது. 'எல் சிட்' தட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதை ரோஜாவே மியூனிக்கில் கிராவுன்கே சிம்பொனிக் குழுவைக் கொண்டு பதிவு செய்தார்.

ஆகவே மறுவெளியீடு என்ற பெயரில் அந்தக் காலத்து எல்.பி.யின் மறுஅச்சும் வரலாம், ஸ்டூடியோவில் கிடந்த படப் பதிவும் வரலாம், இந்தக் காலத்தில் புதிதாக வாசித்ததும் வரலாம். நீங்கள் தேடுவது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். 'பென்-ஹர்' படத்துக்கு அது 2012-இல் ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ஐந்து சி.டி. தொகுப்பு. படத்தின் இசை முழுவதும் அதில் இருக்கிறது. சவீனா நடத்திய எல்.பி.யும் கூடவே இருப்பதால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். தேர்ப்பந்தயம் நடக்கும்போது படத்தில் இசையே கிடையாது என்பதால், அதற்கு முன் வரும் அணிவகுப்புக்கு எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறார் என்பது அப்படிக் கேட்கும்போதுதான் விளங்கும்.

அலெக்ஸ் நார்த் இசையமைத்த 'ஸ்பார்ட்டகஸ்' (1960) படத்துக்கு வரேஸ் சரபாண்ட் நிறுவனம் 2010-இல் ஆறு சி.டி.யும் ஒரு டி.வி.டி.யும் கொண்ட பெட்டியை 5,000 பிரதிகள் மட்டும் வெளியிட்டது. அந்தப் படத்தின் இசையில் ஒரு பகுதியே ஸ்டீரியோவில் (இரு தட ஒலியில்) எஞ்சியிருக்கிறது, மற்றதை மோனோவில்தான் (ஒற்றைத் தட ஒலியில்தான்) கேட்க முடியும். இதைக் குறையாக நினைத்து ஒதுக்க வேண்டாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு. ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் ஐம்பது ஆண்டோடு முடிந்துவிட்டது. பின்னர் அதை எழுபது ஆண்டாக நீட்டியபோது இவை அதற்குள் வரவில்லை. அதனால் 1959 முதல் 1962 வரையிலான ஆல்பங்களை, பதிவு செய்த கம்பெனியின் அனுமதி இல்லாமலே அங்கே மற்றவர்களும் அச்சிட முடிகிறது. மூல நாடாவைத் தொடாமல், பழைய சி.டி.யிலிருந்தோ தேய்ந்த தட்டிலிருந்தோ எடுத்து, கனமான புதுத் தட்டில் பதித்து, பளபளக்கும் அட்டையோடு விற்பவர்களும் இருக்கிறார்கள். பின்னட்டையில் நடத்துநர் பெயர், பதிவு செய்த ஊர், எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இல்லாத பதிப்புக்கு நான் பணம் கொடுப்பதில்லை.

கொடைக்கானல் வாசகி:

குன்னூர் அண்ணன் சொன்ன விவரங்கள் எல்லாம் சரியே. ஆனாலும் படப் பதிவு ஒன்றுதான் மூலம், மற்றவை இரண்டாம் தரம் என்ற எண்ணம் கேள்வி கேட்டவருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 'எல் சிட்' இசைக்காக ரோஜா, ஸ்பானிய அறிஞர் மெனெந்தெஸ் பிதாலைச் சந்தித்து, இடைக்கால ஸ்பெயினின் பாடல் ஏடுகளைப் படித்தார். அந்த உழைப்பின் பலன் நுட்பமான தந்திக் கருவிப் பகுதிகளிலும் மரக்குழல் பகுதிகளிலும் இருக்கிறது. வாள் மோதும் ஓசைக்கும் வசனத்துக்கும் அடியில் அது திரையில் பாதி புதைந்துபோகிறது. டாட்லோ நிறுவனத்துக்காக நிக் ரெயின் நடத்த, பிராக் நகர ஃபில்ஹார்மானிக் குழு 2008-இல் முழுமையாக வாசித்த பதிப்பில்தான் எனக்கு அந்தப் பகுதிகள் தெளிந்தன. மாரிஸ் ஜாரின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' இசையையும் இதே குழுவினர் பின்னர் முழுமையாக வாசித்திருக்கிறார்கள்.

இசையமைப்பாளரே நடத்திய வாசிப்பு வேண்டும் என்பவர்களுக்கு, 1977-இல் டெக்கா நிறுவனம் வெளியிட்ட 'பென்-ஹர்' இருக்கிறது. ரோஜா லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மானிக் குழுவை நடத்திப் பதிவு செய்தது அது. படத்தின் இசை முழுவதும் அதில் இல்லை என்றாலும், முதலில் வாங்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால் இதையே சொல்வேன். ஐந்து சி.டி. தொகுப்பை முதலிலேயே வாங்கினால், எதை எங்கே கேட்பது என்று தெரியாமல் அது அலமாரியிலேயே இருந்துவிடும்.

உதகை பழைய தட்டு:

தமிழ்ப் படங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் வருகிறேன், தம்பி. நம்மிடம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) உண்டு, 'பார்த்திபன் கனவு' (1960) உண்டு, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) உண்டு. ஜி. ராமநாதன், வேதா, குன்னக்குடி வைத்தியநாதன் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி மரபு. ஆனால் பின்னணி இசையைத் தனித் தட்டாகப் போடும் வழக்கம் அன்று நம்மிடம் இல்லை, வந்தவை பாடல்களே. அதிலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காது என்பதால், நீண்ட பாடல்களைச் சுருக்கினார்கள், அல்லது இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். பின்னாளைய தொகுப்பு சி.டி.க்களில், பாட்டின் நடுவே ஒலி மெல்லத் தேய்ந்து மறுபடி எழுந்தால், அது அந்தப் பக்க மாற்றத்தின் தழும்பாக இருக்கக்கூடும்.

பின்னணி இசை வேண்டுமானால் கதை வசன எல்.பி.க்களைத் தேடுங்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கிய அதே தட்டுகள்தாம். வசனத்துக்காகத்தான் எல்லோரும் அவற்றை வாங்கினார்கள். ஆனால் படத்தின் ஒலித்தடத்திலிருந்தே எடுத்தவை என்பதால், கட்டபொம்மன் ஜாக்சன் துரையோடு மோதும் காட்சியின் பின்னால் வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்பதை அதில் கேட்கலாம். மறுபதிப்பில் இவற்றுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

பூசணத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஈரம். உங்களுக்கும் கொடைக்கானலுக்கும் ஐப்பசி, கார்த்திகையில். வைத்தியம் ஒன்றே. தட்டின் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் படர்ந்திருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். வினைல் தட்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிது கலக்கலாம். 78 தட்டை ஆல்கஹால் தொடவே கூடாது. அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும். தட்டுகளை நிறுத்தி வையுங்கள், சுவரை ஒட்டி வேண்டாம். அலமாரியின் அடித்தட்டில் பழைய மாதிரி இழை பல்பு, ஜீரோ வாட்ஸ், ஒன்றை எரியவிட்டால் ஈரம் தங்காது. எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு கிடையாது. தட்டு பல்பிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் வளைந்துவிடும்.

கோத்தகிரி அன்பர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையின் எல்.பி.யின் பின்னட்டையைப் பார்த்தேன். சவீனாவின் பெயர் இருக்கிறது. கொடைக்கானல் அக்கா சொன்னபடி 1977 பதிப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: சி.டி. தொகுப்புகளோடு வரும் சிறு நூல்களின் வழவழப்பான பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை என்ன செய்வது?

உதகை பழைய தட்டு:

ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், அச்சு உரிந்து வந்துவிடும். இனி வாங்குபவற்றில் நூலைப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளை டிஷ்யூ தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.