தியான முகாமில் திரையிட ஒரு படம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. முகாமின் மாலை அமர்வில் காட்ட, ஆன்மிகம் சார்ந்த படம் ஒன்று தேவை.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘இகிரு’ (1952) அருமையான தேர்வுதான். சாகப்போகிற அரசு அதிகாரி ஒருவர் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கப் பாடுபடுகிறார். உபதேசமே இல்லாமல் மனதில் இறங்கிவிடும். ஆனால் 143 நிமிடம்! முடிந்தபின் கலந்துரையாட யாருக்கும் தெம்பிருக்காது. பாதியை வெட்டிப் போடவும் மனமில்லை. இப்படிப்பட்ட படங்களில் மெதுவாகச் சேர்ந்துவரும் அமைதிதான் வேலை செய்கிறது.

ஆகவே 90 நிமிடத்துக்குள், வசனம் குறைவாக உள்ள படங்களைச் சொல்லுங்கள். கடைசியில் அற்புதம் நிகழ்ந்து எல்லாம் சரியாகிவிடும் கதைகள் வேண்டாம், பேச எதுவும் மிஞ்சாது. காட்சிக்குக் காட்சி வயலின் அழுவதும் வேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் இருந்தால் அது எத்தனை பிரேம் வேகத்துக்கானது (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள்) என்றும் குறிப்பிடுங்கள். படம் நொடிக்கு 23.976 பிரேம், சப்டைட்டில் கோப்பு 25 பிரேம் என்றால் தொடக்கத்தில் பொருந்தும். ஒரு மணி நேரத்தில் எழுத்து ஏறக்குறைய இரண்டரை நிமிடம் முந்திவிடும். தாமதத்தைக் கூட்டினால் தீராது, பிரேம் வேகத்தையே மாற்ற வேண்டும். மாற்றிய கோப்பு யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் சேமித்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும்.