பிரேக் தண்டின் தலையை இயந்திர அச்சில் திரட்டும்போது மடிப்பு விழுவது ஏன்?

உலைக்களம்:
வணக்கம். பழைய ரயில் சரக்குப் பெட்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் கொல்லுவேலை பார்க்கிறேன். பிரேக் தண்டுகளுக்காக, 25 மி.மீ. விட்டமுள்ள மென்எஃகுக் கம்பியின் நுனியில் 50 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. கனமும் கொண்ட தலையைத் திரட்டி (சூடான நுனியை நெடுக்காக நசுக்கித் தடிப்பாக்கி), பிறகு அதில் துளை போட வேண்டும். எங்களிடம் இருப்பது கிடைமட்ட ஃபோர்ஜிங் இயந்திரம். பிளவுபட்ட இறுக்கு அச்சு (டை) கம்பியைக் கவ்விக்கொள்ள, பஞ்ச் முன்னேறி வந்து நுனியை ஒரே தள்ளில் நசுக்குகிறது. வெளி அளவு சரியாகவே வருகிறது. ஆனால் தலையின் ஒரு பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. அரைத்துப் பார்த்தால் அது உள்ளேயும் சாய்வாக இறங்குகிறது. சூட்டைக் கூட்டியும் மாற்றமில்லை. குறை அச்சிலா, சூட்டிலா?

சம்மட்டி:
நீங்கள் கேட்கும் தலையின் கன அளவு ஏறக்குறைய 58,900 கன மி.மீ. அதை 25 மி.மீ. கம்பியிலிருந்து எடுக்க 120 மி.மீ. நீளம் தேவை, அதாவது விட்டத்தைப் போல 4.8 மடங்கு. பிடிப்பில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி விட்டத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால், ஒரே அடியில் அது திரளாது. முதலில் வில்லாக வளையும், பிறகு வளைந்த இடம் தன்மேல் தானே படிந்து நசுங்கும். நீங்கள் பார்க்கும் கோடு அதுதான். படிந்த பரப்புகளுக்கு இடையே ஆக்சைடு செதில் சிக்கிக்கொள்வதால், எவ்வளவு சூடேற்றினாலும் அவை ஒட்டுவதில்லை.

ஆகவே அச்சில் இரண்டு குழி வெட்டி, இரண்டு தள்ளாகச் செய்யுங்கள். முதல் குழியின் விட்டம் கம்பியின் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது, 36 மி.மீ. போதும். அந்த அளவுக்குள் கம்பி வளைய முயன்றாலும் குழியின் சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். குழியின் ஆழம் 95 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஏனெனில் குழிக்கு வெளியே நீளும் பகுதி ஒரு விட்டத்தைத் தாண்டக் கூடாது. பஞ்ச் குழிக்குள்ளேயே நுழைந்து 120 மி.மீ. நீளத்தை 58 மி.மீ. ஆக்கிவிடும். 36 மி.மீ.க்கு 58 மி.மீ. என்பது 1.6 மடங்குதான் என்பதால், இரண்டாம் குழியில் 50 மி.மீ. தலை ஒரே தள்ளில் மடிப்பின்றி வந்துவிடும். பலர் முடிந்த பொருளின் வடிவத்தை மட்டும் பார்த்து அச்சு வெட்டுகிறார்கள். உலோகம் எந்த வழியாக அந்த வடிவத்துக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் அச்சைத் திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீலச்செதில்:
மேலே சொன்ன கணக்கோடு சூட்டையும் கவனியுங்கள். திரள வேண்டிய நீளம் முழுவதும் ஒரே சீராக 1,200 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். நுனி வெளுத்தும் அடி செவ்வண்ணத்திலும் இருந்தால் நுனி மட்டுமே காளான் போல விரியும். குழிக்குள் உதிரும் செதிலை ஒவ்வொரு தண்டுக்கும் இடையே காற்றடித்து அகற்றாவிட்டால், அடுத்த தலையின் முகத்தில் அது பள்ளமாகப் பதியும். ஆறும்போது எஃகு ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்குவதால், 50 மி.மீ. தலைக்கு இறுதிக் குழியை 50.75 மி.மீ. என வெட்டுங்கள். தலையும் தண்டும் சேரும் விளிம்பைக் கூராக விடாதீர்கள். பிரேக் தண்டு பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான் விரிசல் காணும். அச்சுகளையும் 150 பாகைக்கு மேல் முன்கூட்டியே சூடேற்றிக்கொள்ளுங்கள். பனிபோல் குளிர்ந்த அச்சு முதல் சில அடிகளிலேயே மூலையில் பிளக்கும்.

உலைக்களம்:
இருவருக்கும் நன்றி. எங்களுக்குச் சில பத்துத் தண்டுகளே தேவை. அதற்காக இரண்டு குழி கொண்ட அச்சு வெட்டுவது தகுமா?

பழைய பட்டறை:
ரயில்வே பட்டறைகளில் அச்சு வேலை பெருகியதற்குக் காரணமே ஒரே மாதிரிப் பொருள்களின் தேவைதான். அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சாதனச் சட்டம் சரக்குப் பெட்டிகளில் கைப்பிடிக் கம்பிகளைக் கட்டாயமாக்கியது. 1911ஆம் ஆண்டு ஆணை அவற்றின் விட்டம் 5/8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது வரை வரையறுத்தது. அளவு உறுதியாகிவிட்ட பொருளுக்கு அச்சு வெட்டினால் அந்தச் செலவு பல்லாயிரம் துண்டுகளில் கரைந்துபோகும்.

உங்கள் நிலை வேறு. கைப்பிடி போன்ற வளைவு வேலையாக இருந்தால் எளிய வார்ப்பிரும்பு வடிவக்கட்டையே போதும் என்பேன். ஆனால் பிரேக் தண்டு இழுவிசையைத் தாங்கும் உறுப்பு. அதன் தலையைக் கையால் திரட்டினால் ஒவ்வொன்றும் வேறு விதமாக அமையும். அதனால் அச்சை வெட்டுங்கள், சூட்டைத் தாங்கும் விலை உயர்ந்த அச்சு எஃகு வேண்டாம். இத்தனை சிறிய எண்ணிக்கைக்கு நடுத்தரக் கார்பன் எஃகைக் கடினப்படுத்தினாலே தாங்கும். முதலில் வரும் தலை ஒன்றை நெடுக்காக அறுத்து, வழவழப்பாக்கி, அமிலத்தில் அரித்துப் பாருங்கள்: உலோக ஓட்டக் கோடுகள் தண்டிலிருந்து கழுத்தைச் சுற்றி முறியாமல் தலைக்குள் விரிந்திருக்க வேண்டும். எங்காவது அவை மடங்கித் திரும்பினால் முதல் குழி இன்னும் அகலமாக இருக்கிறது என்று பொருள். மீதித் தண்டுகள் அனைத்தையும் பொருத்துவதற்கு முன் காந்தத் துகள் சோதனைக்கு (தண்டைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் தூவி விரிசலைக் காட்டும் சோதனை) உட்படுத்துங்கள். ஏற்கெனவே கோடு விழுந்தவற்றை அரைத்து மறைத்துப் பயன்படுத்த வேண்டாம்.