நாஸுக்கு நகல் எடுக்கும்போது நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போகவில்லை

மொட்டைமாடி (கேள்வி):
நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி), 2 பே, அதாவது இரண்டு டிஸ்க் போடும் இடம். 4 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் பதியும் முறை). நாஸ் மாடியில், கம்ப்யூட்டரும் ரூட்டரும் கீழே. நடுவில் சுவருக்குள் கேட்5இ நெட்வொர்க் கேபிள். படம், வீடியோ எல்லாம் சேர்த்து 2 டிபி. ஒரே பெரிய வீடியோவை அனுப்பினாலும் 11 எம்பிதான். ரெய்டை எடுத்துவிட்டால் வேகம் கூடுமா?

வயர்மேன்:
ரெய்டைத் தொடாதீர்கள். டிஸ்க் கோளாறு என்றால் வேகம் ஏறி இறங்கும். 11இல் அசையாமல் நிற்கிறது என்றால் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. 8 பிட் ஒரு பைட் என்பதால் 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5 எம்பி (மெகாபைட்), தகவலோடு சேர்ந்து போகும் மேல்செலவு போக 11 சொச்சம். ஜிகாபிட்டில் 110 வரை வரும். உங்கள் 2 டிபிக்கு அது 5 மணி நேரம். இப்போதைய வேகத்தில் 50.

கம்ப்யூட்டர், நாஸ் இரண்டிலும் லிங்க் ஸ்பீடு (இணைப்பு எத்தனை மெகாபிட்டில் ஓடுகிறது) பாருங்கள். ரூட்டர் போர்ட்டையும் கவனியுங்கள். இணைய நிறுவனங்கள் தரும் ஃபைபர் பெட்டி பலவற்றில் ஒரே ஒரு லேன் போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100.

மொட்டைமாடி:
கம்ப்யூட்டர் 1000, நாஸ் 100. நாஸைக் கீழே கொண்டுவந்து சின்ன கேபிளில் அதே போர்ட்டில் செருகினால் 1000 காட்டுகிறது.

வயர்மேன்:
அப்படியானால் சுவர்க் கேபிள்தான். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும்; ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வருகிறதே என்று யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதில்லை.

இரண்டு முனையிலும் ஜாக்கை (கேபிள் செருகும் சுவர்ப் பெட்டி) திறந்து நீலம், பழுப்பு ஜோடிகளைப் பாருங்கள். கேமராவுக்கு மின்சாரம் கொடுக்க அந்த ஜோடிகளை எடுத்துக்கொள்வதுண்டு. அப்படி என்றால் அதை ஜாக்கில் சேர்க்கவே கூடாது, நாஸுக்குத் தனிக் கேபிள் இழுங்கள். வெறுமனே வெட்டி விட்டிருந்தால், ஜாக்கில் அச்சிட்ட ‘பி’ நிற வரிசைப்படி இரண்டு முனையிலும் எட்டையும் பஞ்ச் செய்யுங்கள், அதாவது ஜாக்கின் பள்ளத்தில் அழுத்திப் பொருத்துங்கள். முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்க வேண்டாம். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிள் என்றால் கம்பி பட்டென்று ஒடியும், பார்த்து.

கருவூலம்:
அதுவரை நாஸைக் கீழேயே வைத்து முதல் நகலை முடித்துவிடுங்கள். தினசரி சேரும் புது ஃபைல்களுக்கு 100 மெகாபிட்டே தாராளம். இன்னொன்று: ரெய்டு 1 பேக்கப் ஆகாது. ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் போய்விடும். ஸ்னாப்ஷாட் வசதி (ஃபைல்களின் பழைய நிலையை மீட்க உதவுவது) இருந்தால் போடுங்கள். வாரம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துக் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) அதையும் பூட்டக்கூடும்.

மொட்டைமாடி:
மாடி முனையில் இரண்டு ஜோடியும் வெட்டிக் கிடந்தன, கேமரா எதுவும் இல்லை. பஞ்ச் செய்ததும் 1000 வந்துவிட்டது. வீடியோ 108 எம்பி போகிறது, ஆனால் படங்கள் இருக்கும் ஃபோல்டர் 35தான். இதுவும் கேபிளா?

வயர்மேன்:
இல்லை. சின்ன ஃபைல் ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடக்கும். அதற்கு 35 மோசமில்லை, ஓடவிடுங்கள்.