ட்ராப் பேர் நிஜமா இருக்கா? வெள்ளிக்கிழமை கேம்பிங் போறோம், சீக்கிரம் சொல்லுங்க

புதுசா_வந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மெல்பர்ன் வந்து மூணு மாசம் ஆகுது, ஊர் ஈரோடு. இந்த வாரக்கடைசி ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து வில்சன்ஸ் ப்ராம் நேஷனல் பார்க் போறோம், டைடல் ரிவர்ல ரெண்டு நைட் டென்ட். நேத்து லஞ்ச்ல டீம்ல ஒருத்தன் ரொம்ப சீரியஸா "ட்ராப் பேர் பத்தி இவனுக்கு சொல்லிட்டீங்களா"ன்னு கேட்டான், டேபிளே அமைதியாயிடுச்சு. கோலா மாதிரியே இருக்குமாம், ஆனா கறி தின்னுமாம், மரத்து மேல உக்காந்துட்டு கீழ போறவங்க தலையில குதிக்குமாம். காதுக்குப் பின்னாடி வெஜிமைட் (இங்க ரொட்டியில தடவி சாப்பிடுற கருப்பு பேஸ்ட்) தடவினா கிட்ட வராதாம். நான் மொதல்ல சிரிச்சேன், ஆனா ஆஸ்திரேலியன் மியூசியம் லிங்க் அனுப்பினாங்க, அதுல 120 கிலோ, ஆரஞ்சு முடி, எட்டு மீட்டர் உயரத்துலேர்ந்து கூட குதிக்கும்னு போட்டு லத்தீன் பேர் வேற இருக்கு, தைலார்க்டோஸ் ப்ளம்மெட்டஸ். மியூசியம்காரன் பொய் சொல்வானா? பாட்டில் வாங்கிட்டேன், இன்னும் தடவல.

டான்டினாங்_அண்ணாச்சி:
தம்பி சிரிக்கிற விஷயம் இல்ல இது. 2012ல ஆஸ்திரேலியன் ஜியாக்ரஃபர்ங்கிற ஜர்னல்லயே ஜிபிஎஸ் வச்சு ட்ராக் பண்ணி பேப்பர் போட்டிருக்காங்க, வெளிநாட்டு ஆக்சென்ட்ல பேசுறவங்களத்தான் குறி வைக்குதாம். நம்ம ஈரோட்டு இங்கிலீஷ் வேற, சொல்லவே வேணாம். வெஜிமைட் மட்டும் பத்தாது, முடியில நாலு ஃபோர்க் சொருகிக்கோ, முனை மேல பாத்து இருக்கணும். உள்ளூர்க்காரங்க சொருகாம நடப்பாங்க, அவங்கள பாத்து ஏமாந்துடாத.

கல்லூரி_வாத்தி:
அண்ணாச்சி போதும், பையன் நிஜமாவே ஃபோர்க் வாங்கிட போறான்.

தம்பி, ட்ராப் பேர்னு ஒண்ணு கிடையாது. அந்த பேப்பர் நிஜமாவே ஜர்னல்ல வந்ததுதான், ஆனா எழுதினவர் மேப்பிங் டெக்னிக்க சுவாரசியமா சொல்லிக்குடுக்க விளையாட்டா எழுதினது. அதை ஆஸ்திரேலியன் ஜியாக்ரஃபிக் நியூஸா போட்ட தேதி 2013 ஏப்ரல் 1, தேதிய பாத்துக்கோ. மியூசியம் பேஜும் அதே குறும்புதான், "ப்ளம்மெட்டஸ்"ங்கிறது தொபுக்குனு விழுறதுங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு லத்தீன் வால் ஒட்டினது. வேடிக்கை என்னன்னா தைலகோலியோன்னு ஒரு பிராணி இங்க நிஜமாவே இருந்துச்சு, கங்காரு மாதிரி பையில குட்டி வளக்குற ஜாதி, நூறு கிலோவுக்கு மேல, மாமிசம் தின்னும், நல்லா ஏறும். அது அழிஞ்சு பல்லாயிரம் வருஷம் ஆச்சு.

ஏமாந்தது நீ மட்டும் இல்ல. 2020 ஜனவரில காட்டுத்தீ செய்தி எடுக்க கங்காரு ஐலேண்ட் வந்த ஒரு பிரிட்டிஷ் டிவி நிருபருக்கு கவச உடையெல்லாம் மாட்டி விட்டு, ட்ராப் பேர்னு சொல்லி சாதாரண கோலாவ கையில குடுத்துட்டாங்க, அந்தம்மா பயந்த வீடியோ உலகம் பூரா ஓடுச்சு.

யாழ்_கங்காரு:
நான் இஞ்ச வந்து முப்பது வருசம். வந்த புதுசில ஃபாக்டரி வேலை, பிக்னிக்குக்கு கூட்டிக்கொண்டு போகேக்க இதே கதையத்தான் சொன்னவங்கள். நான் உண்மையாவே பூசிக்கொண்டு போனனான் தம்பி, ரெண்டு காதுக்குப் பின்னாலயும், கட்டியா. வெயில்ல அது உருகி கழுத்தால வடியுது, இலையான் எல்லாம் எனக்குப் பின்னால, ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லேல்ல. பின்னேரம் போல ஃபோர்மன் வந்து ஒரு துண்டு பாணைக் காட்டி "கொஞ்சம் எடுக்கலாமோ" எண்டு என்ர காதைப் பாத்துக் கேட்டான். அண்டையில இருந்து நான் அவங்கட ஆள். ஒண்டும் பயப்பிடாதேங்கோ, சந்தோசமா போட்டு வாங்கோ.

புதுசா_வந்தவன்:
அடப்பாவிங்களா. அப்ப இங்க சொல்றது எல்லாமே கதைதானா? நேத்து ஒருத்தர் சைக்கிள் ஹெல்மெட் பூரா கேபிள் டை குத்திக்கிட்டு முள்ளம்பன்றி மாதிரி போனாரு, கேட்டா காக்கா சைஸ் பறவை தலையில வந்து கொத்தும்ங்கிறாரு. வாம்பேட்னு ஒரு பிராணி கட்டம் கட்டமா கக்கா போகும்னு இன்னொருத்தன். இனி ஒருத்தனையும் நம்பறதா இல்ல.

கல்லூரி_வாத்தி:
அங்கதான் மாட்டிக்குவ, அது ரெண்டுமே நிஜம் 😀 அந்தப் பறவை பேரு மேக்பை, ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் கூட்டுல குஞ்சு இருக்கறப்ப பின்னாடிலேர்ந்து பறந்து வந்து அடிக்கும், சைக்கிள்காரங்கன்னா தனி வெறி. கேபிள் டை பெருசா வேலை செய்யாதும்பாங்க, ஆனாலும் எல்லாரும் குத்துவாங்க. வாம்பேட் புழுக்கை சதுரமா இருக்கறதும் உண்மை, குடல் சுவர் சில இடத்துல இறுக்கமாவும் சில இடத்துல தளர்வாவும் இருக்கறதால அப்படி வருது. ப்ளாட்டிபஸ்னு வாத்து மூக்கோட ஒரு பிராணி இருக்கு, அதுல ஆணுக்கு பின்னங்கால்ல விஷ முள்ளு உண்டு, 1799ல அந்தப் பிராணிய பத்தி மொதல்ல எழுதின ஜார்ஜ் ஷாவே எவனோ வாத்து மூக்க தச்சு அனுப்பிட்டானோன்னு சந்தேகப்பட்டவருதான். இந்த ஊர்ல நிஜமா இருக்கறதுதான் டூப் மாதிரி இருக்கும், டூப்பு மியூசியத்துல இருக்கும், அதனாலதான் ட்ராப் பேர் கதை செல்லுபடியாகுது.

நம்ம ஊர்ல கொம்பேறி மூக்கன் இல்லையா? கடிச்சிட்டு சுடுகாட்டு மரத்துல ஏறி பொணம் எரியுற புகைய பாத்துட்டுத்தான் இறங்கும்னு எங்க ஆத்தா சொல்லும், அந்தப் பாம்புக்கு ஆள கொல்ற விஷமே கிடையாது. ஆனா ஆத்தா அதை நம்பித்தான் சொல்லுச்சு, இவனுங்க நம்பாமலே மூஞ்சிய விறைப்பா வச்சுக்கிட்டு சொல்றானுங்க பாரு, அதுதான் வித்தை.

டான்டினாங்_அண்ணாச்சி:
சரி இப்ப ஜோக் இல்ல, நெஜமா ரெண்டு விஷயம். யூகலிப்டஸ் மரத்துக்கு நேர் கீழ டென்ட் போடாத, காத்தே இல்லாத நாள்ல கூட பெரிய கிளை திடீர்னு முறிஞ்சு விழும், ஆள் செத்திருக்காங்க. அடுத்தது, ராத்திரி மரத்து மேலேர்ந்து பன்னி உறுமலும் பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகாம இருமறதும் கலந்த மாதிரி ஒரு சத்தம் வரலாம். அது கோலா ஆம்பள, பொண்ணு தேடுது. பத்து கிலோ இருக்கும், அவ்ளோதான். சத்தத்துக்கு பயந்து வெளிய ஓடி வந்தீன்னா உன் டீம் கேமராவோட நிக்கும்.

பாம்ப நெனச்சு தூக்கத்த கெடுத்துக்காத, 2000லேர்ந்து 2013 வரைக்கும் இந்த நாட்டுல பாம்புக்கு பலியானது 27 பேர், தேனீ குளவிக்கும் அதே 27, குதிரைக்கு 74. குதிரைய பத்தி எவனும் பயமுறுத்த மாட்டான்.

புதுசா_வந்தவன்:
போயிட்டு வந்துட்டேன். மொத நாள் காலையில டீம் முன்னாடி ரெண்டு காதுலயும் நானே வெஜிமைட் தடவிட்டு மூஞ்சிய விறைப்பா வச்சுக்கிட்டு வந்து உக்காந்தேன், அவனுங்களுக்கு சிரிக்கறதா வேணாமான்னு தெரியல, மத்தியானம் வரைக்கும் நான் வாயே திறக்கல. கோலா சத்தம் கேக்கல. வாம்பேட் டென்ட் பக்கத்துலயே மேயுது, குண்டு ஆட்டுக்குட்டி மாதிரி, நம்மள கண்டுக்கவே இல்ல. காலையில பாத்தா ஒரு கல்லு மேல நாலு கட்டி, அடுக்கி வச்ச வெல்லம் மாதிரி, மூலையெல்லாம் தெரியுது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "வெளியூர் போய் நல்லா கதை விட கத்துக்கிட்ட"ன்னு போன வச்சுட்டாங்க.