கால்நடை கிளினிக் கணக்கு வழக்கு: அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய கால்நடை கிளினிக் நடத்துகிறேன். வைத்தியத்தில் குறையில்லை, நிர்வாகம்தான் கைமீறிப் போகிறது. போன வாரம் ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது பின்வரிசையில் ஆறு ரேபிஸ் தடுப்பூசிக் குப்பிகள் தேதி முடிந்து கிடந்தன. 2 முதல் 8 டிகிரிக்குள் பத்திரமாக வைத்தும் வீண். மனசு ஆறவே இல்லை.

அப்புறம் கடன் பாக்கி. நெல்லிக்குப்பம் பக்கம் ராத்திரியில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டால் ஓடிவிடுகிறேன். ஈன்ற பசு எழுந்து கன்றை நக்கும்போது காசு கேட்க வாய் வருவதில்லை. பெட்ரோலும் மருந்தும் என் கைக்காசு.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கான கட்டணத்தை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறீர்களா? மருந்து இருப்புக்கும் அடுத்த ஊசித் தேதியை நினைவூட்டவும் எக்ஸெல் போதுமா, தனி மென்பொருள் வேண்டுமா? கடலூர், புதுச்சேரியில் கிளினிக் வைத்திருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.