ஹைப்போநட்ரீமியா: 'உப்புக்குறைவு' வேண்டாமே

ஐயா, வணக்கம். ஹைப்போநட்ரீமியாவுக்கு, அதாவது குருதியில் சோடியத்தின் செறிவு குறைந்த நிலைக்கு, தமிழ்ப் பெயர் தேடும் இந்த உரையாடலில் நீங்கள் எழுதியது:

//'குருதி உப்புக்குறைவு' போதும், எல்லோருக்கும் விளங்கும்//

விளங்கும்தான், ஆனால் பிழையாக விளங்கும். மாரடைப்பு வந்த மனுசனுக்கு "உப்புக் குறைஞ்சிட்டுதாம்" என்று வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால், அடுத்த நாளே உப்புக் கூட்டிப் போட்ட கஞ்சி வாட்டுக்கு வந்துவிடும். உப்பைக் குறை என்று டொக்டர் சொன்னதும் அதே ஆளுக்குத்தான்.

உண்மையில் நடப்பது வேறு. அடிபட்ட இதயம் குருதியைச் சரியாகத் தள்ளாதபோது, உடம்பு அதை நீர்ப்பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இருக்கிற சோடியம் ஐதாகிறது. (எங்கள் இரசாயனவியல் புத்தகத்தின் 'ஐதான'தான் தமிழ்நாட்டில் 'நீர்த்த'.) லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போநட்ரீமியா என்று பெயர்.

இன்னொருவர் தந்த 'சோடியக்குறை நோய்' என்பதிலும் 'நோய்' இடிக்கிறது. மாரடைப்போடு வந்தவர்களில் சோடியம் இறங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் கூடுதலாக இறந்ததை இஸ்ரேலின் ஹைஃபாவில் செய்த ஆய்வொன்று 2004இல் காட்டியது. ஆனால் 2007இல் வெளிவந்த எவரெஸ்ற் ஆய்வில், இதயச் செயலிழப்பு நோயாளருக்கு வாசோபிரசினைத் தடுக்கும் டொல்வப்டன் மருந்தைக் கொடுத்துச் சோடியத்தை ஏற்றியும் இறப்புக் குறையவில்லை. எண் சரியாகியும் இதயம் சரியாகவில்லை. அங்கே இது பெரும்பாலும் அறிகுறி.

அப்போ 'குருதி ஐதாதல்' என்றால் என்ன? அதுவும் சரிவராது. வயிற்றோட்டத்திலும் சிறுநீரைக் கூட்டும் தயசைட் மாத்திரையாலும் சோடியமே வெளியேறிப் போவதுண்டு. காரணத்தைப் பெயருக்குள் வைக்காமல் 'குருதிச் சோடியச் செறிவுக்குறைவு' என்கிறேன். எதிர்ப்பதம் 'செறிவுமிகை' என்று தானாக வருகிறது. நீர் கூடிய வகைக்கு முன்னால் 'ஐதாக்க' சேர்க்கலாம்.

---

தங்கச்சி,

ஒத்துக்கொள்ளுறன். ஆனால் இந்த நீளத்தை வாட்டில் ஒருத்தரும் சொல்லாயினம், "சோடியம் லோ" என்றுதான் சொல்லுவினம். 'குருதி'யை முதல் தடவை மட்டும் எழுதி, பிறகு 'சோடியச் செறிவுக்குறைவு' என்று விடுவம். நோயாளர் துண்டுப்பிரசுரத்தில் அடுத்த வரியிலேயே "டொக்டரைக் கேளாமல் உப்புக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்" என்று போடுங்கோ. கஞ்சிக்காரருக்குப் பேரை விட அந்த வரிதான் வேணும்.