பாடசாலைப் பூசையில் நன்மை (நற்கருணை) கொடுக்கும் நேரம் சைவப் பிள்ளை என்ன செய்வது?

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்து அக்காமார், அண்ணாமார் யாராவது சொல்லுங்கள். நாங்கள் சைவம். மகள் கிட்ட இருக்கிற கத்தோலிக்கப் பாடசாலையில் தரம் 3. சமய பாடத்துக்குச் சைவசமயம்தான் படிக்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் பூசையில்தான். நற்கருணை அப்பம் கொடுக்கும்போது வாங்கு வாங்காகப் பிள்ளைகள் எழும்பிப் போக, இவள் தனியே இருக்கிறாள். கூட்டாளிகள் இந்த வருடம் முதல் நன்மை (முதன்முறை நற்கருணை) எடுக்கப் போகிறார்களாம். வீட்டில் ஒரே வெள்ளைச் சட்டை, மெழுகுதிரிக் கதை. "எனக்கும் அந்த அப்பம் வேணும்" என்று பிடிவாதம்.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்களுக்கு நன்மை கொடுப்பதில்லை என்று தெரியும். அவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல், கைநீட்டி வாங்கும் பிரசாதம் இல்லை. அதை மதிக்கிறேன். (என் அம்மா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் விடமாட்டா, ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவும் விடமாட்டா. அங்கே இந்தக் கேள்வியே வந்ததில்லை!)

சில நாடுகளில் நன்மை எடுக்காதவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்தபடி வரிசையில் போனால், பாதர் ஆசீர்வதித்து அனுப்புவார். வன்னியில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலாவது அப்படி நடக்கிறதா? பாதரிடம் நேரே கேட்கலாமா, வகுப்பு ரீச்சர் மூலம் கேட்பதுதான் முறையா? அப்புறம், கூட்டாளியின் முதல் நன்மைக்கு அழைத்தால் என்ன பரிசு கொண்டுபோவது?

பாடசாலையை மாற்று என்று மட்டும் தயவுசெய்து எழுதவேண்டாம். பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் என்றால் உயிர்.